நிலத்து ஓக் மரம்: ஜெர்மாண்டர் என்னும் மூலிகைப் பெயரின் வரலாறும் மொழிபெயர்ப்புச் சிக்கல்களும்

1. முன்னுரை

மூலிகைப் பெயர்கள் மொழி விட்டு மொழி செல்லும்போது அடையும் மாற்றங்கள் சொற்பிறப்பியலுக்கும் மொழிபெயர்ப்பியலுக்கும் பொதுவான ஆய்வுக்களமாகும். ஒரு மரத்தின் பெயரோ விலங்கின் பெயரோ தவறாகப் பெயர்க்கப்பட்டால் இலக்கியச் சுவை குன்றும். மூலிகையின் பெயர் தவறாகப் பெயர்க்கப்பட்டால் உண்பவரின் உடல்நலமே கெடக்கூடும். இதனை நன்கு விளக்குவதற்கு ஏற்ற சான்று, ஆங்கிலத்தில் ‘ஜெர்மாண்டர்’ என வழங்கும் செடியின் பெயராகும்.

துளசி, புதினா, தும்பை ஆகியவை அடங்கிய துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த பேரினங்களுள் ஒன்று தியூக்ரியம். இதில் 250க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன; அவற்றுள் பெரும்பாலானவை நடுநிலக்கடலைச் சூழ்ந்த நாடுகளில் வளர்வன. இக்குடும்பத்தின் பூக்களில் பொதுவாக மேலுதடு, கீழுதடு என இரண்டு பகுதிகள் இருக்கும். தியூக்ரியத்தின் பூவில் மேலுதடு இல்லை. ஐந்து மடல்களும் ஒரே கீழுதடாக விரிந்திருக்கும். இதனைக் கொண்டே செடியை அடையாளம் காணலாம். ‘சுவர் ஜெர்மாண்டர்’ எனப்படும் தியூக்ரியம் கமேட்ரிஸ் ஏறத்தாழ ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் உயரம் வளரும் பசுமைமாறாச் சிறு புதர். அதன் இலைகள் சிறியவை; ஓரங்கள் ஓக் மர இலையைப் போல் வளைந்து வளைந்து வெட்டுப்பட்டவை. கோடையில் ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூக்கள் பூக்கும். சுவை மிகுந்த கசப்பு.

இச்செடியின் பெயர் கிரேக்கத்தில் தோன்றி அரபு, இலத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் முதலிய மொழிகளில் பரவிய முறையையும், தோட்டத்திலும் மருத்துவத்திலும் செடி பெற்ற இடத்தையும், அவற்றால் மொழிபெயர்ப்பாளர் அறியத்தக்க செய்திகளையும் தொகுத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மூலச் சொல்லும் அதன் அமைப்பும்

2.1. ‘கமாய்த்ரூஸ்’ என்பது கிரேக்கக் கூட்டுச்சொல். ‘கமாய்’ என்றால் நிலத்தில், தரைமேல் என்பது பொருள். ‘த்ரூஸ்’ என்றால் ஓக் மரம்; பொதுவாக மரம் என்னும் பொருளும் அதற்கு உண்டு. எனவே ‘நிலத்து ஓக்’ என்பது சொல்லின் நேர்ப்பொருள். ஓக் இலை போன்ற இலையும் தரையை ஒட்டிய வளர்ச்சியும் ஒருங்கே அமைந்த செடிக்கு இப்பெயர் மிகப் பொருத்தமாகும்.

இச்சொல்லின் இரு கூறுகளும் இந்திய ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் பழைய வேர்களைச் சேர்ந்தவை. ‘கமாய்’ என்பதும் மண் என்னும் பொருளுடைய ‘ஹூமுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லும், நிலம் என்னும் பொருளுடைய ‘க்ஷம்’, ‘க்ஷமா’ என்னும் வடசொற்களும் ஒரே மூலத்தின. ‘த்ரூஸ்’ என்பது வடமொழித் ‘தாரு’, ‘த்ரு’ ஆகியவற்றோடும் ஆங்கிலத்தில் மரத்தைக் குறிக்கும் ‘ட்ரீ’ என்பதோடும் உறவுடையது. தமிழில் தேவதாரு என்னும் மரப்பெயரின் இறுதிக் கூறும் இவ்வேரைச் சார்ந்ததே. ஆகவே தமிழ் வாசகருக்கு முற்றிலும் அயலாகத் தோன்றும் இப்பெயரின் இரு பகுதிகளுக்கும், வடமொழி வழியாக வந்து தமிழில் வழங்கும் சொற்களுள் தொலைவான உறவினர் உள்ளனர் எனலாம்.

2.2. ‘கமாய்’ என்னும் முன்னொட்டுக் கிரேக்கச் செடிப்பெயர்களில் ஆக்கம் மிகுந்தது. ‘கமாய்மேலோன்’ என்பது ‘நிலத்து ஆப்பிள்’. இன்று கெமோமில் எனப்படும் பூச்செடியே அது. பூவின் மணம் ஆப்பிளை ஒத்திருப்பதால் அப்பெயர் ஏற்பட்டது. ‘கமாய்பிதுஸ்’ என்பது ‘நிலத்துப் பைன்’. ஊசி போன்ற குறுகிய இலையும் பைன் மணமும் உடைய மற்றொரு சிறு செடி. ‘கமாய்த்ரூஸ்’ என்பதில் ஒப்புமைக்கு அடிப்படை இலை வடிவம். ‘கமாய்மேலோன்’ என்பதில் மணம். முன்னொட்டு ஒன்றே, ஒப்புமையின் அடிப்படை மட்டும் பெயர்தோறும் வேறுபடுகிறது. பெயரைப் பகுத்தால் எதனோடு ஒப்பிடப்பட்டது என்பது தெரியும். எவ்வகையில் ஒப்பிடப்பட்டது என்பதைச் செடியைக் கண்டும் முகர்ந்துமே அறிய இயலும்.

3. பெயரிடலின் நால்வகை

தியூக்ரியம் பேரினத்துச் செடிகளுக்குப் பண்டை மேலை நாட்டு நூல்களில் காணப்படும் பெயர்களைத் தொகுத்து நோக்கினால், பெயரிடல் நான்கு வழிகளில் நிகழ்ந்தமை புலனாகும்.

3.1. வடிவ ஒப்புமை. மேலே கூறிய ‘கமாய்த்ரூஸ்’ இவ்வகையினது. இடைக்கால இலத்தீனில் வழங்கிய ‘குவெர்குலா’ என்னும் பெயரும் ‘சிற்றோக்கு’ எனப் பொருள்படும்.

3.2. மணம். நீர்நிலைகளின் ஓரத்தில் வளரும் தியூக்ரியம் ஸ்கோர்டியம் என்னும் செடியின் இலையைக் கசக்கினால் பூண்டு மணம் வீசும். பூண்டுக்குக் கிரேக்கத்தில் ‘ஸ்கோரொதோன்’ என்று பெயர். அதிலிருந்து ‘ஸ்கோர்தியோன்’ பிறந்தது. காட்டு ஜெர்மாண்டரின் சிற்றினப் பெயரான ஸ்கொரோடோனியாவும் இவ்வேரைச் சார்ந்ததே.

3.3. பயன். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி, ‘தியூக்ரியோன்’ என்னும் செடியைச் சிலர் ‘ஸ்ப்ளேனியோன்’ என்று அழைத்ததாகக் குறிப்பிடுகிறார். ‘ஸ்ப்ளேன்’ என்றால் மண்ணீரல். பலியிட்ட விலங்கின் உள்ளுறுப்புகளை இச்செடியின்மேல் எறிந்தபோது, செடி மண்ணீரலில் ஒட்டிக்கொண்டு அதனை வற்றச் செய்தது என்னும் கதையையும் அவர் கூறுகிறார். கதை எவ்வாறாயினும், மண்ணீரல் வீக்கத்திற்கு இச்செடி மருந்து என்னும் நம்பிக்கை பெயராக உறைந்துவிட்டது. துருக்கி மொழியில் இச்செடிக்கு வழங்கும் பெயர்களுள் ஒன்றான ‘தலாக்கொத்து’ என்பதும் ‘மண்ணீரல் செடி’ என்றே பொருள்படும்.

3.4. ஆள். ‘தியூக்ரியோன்’ என்னும் பெயர் தியூக்கர் என்பவரைச் சுட்டுவது. இச்செடியின் பயனை முதலில் கண்டவர் தியூக்கர் என்று பிளினி எழுதினார். கிரேக்கத் தொன்மத்தில் இப்பெயருடையோர் இருவர்: ஒருவர் டிராய் நாட்டின் பழைய மன்னர், மற்றவர் அஜாக்ஸ் என்னும் வீரனின் உடன்பிறந்த வில்லாளர். 1753ஆம் ஆண்டு கார்ல் லின்னேயஸ் தம் தாவர நூலில் தியூக்ரியம் என்பதைப் பேரினப் பெயராகக் கொண்டார். இவ்வாறு தொன்மத்து ஆட்பெயர் அறிவியலில் பேரினப் பெயராயிற்று. வடிவத்தைச் சுட்டிய பழைய பெயர் அதன்கீழ்ச் சிற்றினப் பெயராகப் பணிந்து நின்றது.

இந்நான்கனுள் வடிவமும் மணமும் செடியிலேயே உள்ளவை. எவரும் சரிபார்க்கத் தக்கவை. பயனும் ஆளும் மனிதர் கூற்றைச் சார்ந்தவை; செடியைப் பார்த்து அவற்றை உறுதி செய்ய இயலாது. பெயரின் வகையை அறிவது அதனை எவ்வளவு நம்பலாம் என அளவிடவும் துணைசெய்யும்.

4. மொழிகளினூடே பயணம்

4.1. அரபு மொழியில். கி.பி. முதல் நூற்றாண்டில் தியோஸ்கோரிதேஸ் கிரேக்கத்தில் எழுதிய மருந்துப்பொருள் நூல் இச்செடியை விவரிக்கிறது. அந்நூல் 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இஸ்திஃபான் இப்னு பாஸில் என்பவரால் அரபு மொழியில் பெயர்க்கப்பட்டு, புகழ்பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கால் திருத்தப்பெற்றது. அரபுச் சொல் தெரிந்த செடிகளுக்கு இஸ்திஃபான் அதனை இட்டார். தெரியாதவற்றின் கிரேக்கப் பெயரை அரபு எழுத்தில் அவ்வாறே எழுதி, பின்வரும் அறிஞர் எவரேனும் விளக்கட்டும் என விட்டுச்சென்றார். இதனைப் பதிவு செய்தவர் 10ஆம் நூற்றாண்டில் கொர்தோபாவில் வாழ்ந்த மருத்துவர் இப்னு ஜுல்ஜுல். அவர் கூற்றுப்படி, 948ஆம் ஆண்டளவில் பைசாந்தியப் பேரரசர் படங்களுடன் கூடிய கிரேக்கப் படி ஒன்றைக் கொர்தோபாவுக்கு அன்பளிப்பாக அனுப்பினார். அதனைப் படிக்க வல்லார் அங்கு இல்லாமையால் 951இல் நிக்கொலாஸ் என்னும் துறவி வரவழைக்கப்பட்டார். அவரும் அந்நகர மருத்துவர்களும் கூடியிருந்து எஞ்சிய செடிகளை ஒவ்வொன்றாக இனங்கண்டனர். ஒரு மொழிபெயர்ப்பு நிறைவுற ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று என்பதும், அதனை நிறைவுசெய்தது அகராதி அன்று, செடியைக் கண்ணால் கண்டோர் கூட்டம் என்பதும் மொழிபெயர்ப்பாளர் மனங்கொள்ள வேண்டியவை.

‘கமாய்த்ரூஸ்’ அரபில் ‘கமாதரியூஸ்’ என ஒலிபெயர்க்கப்பட்டது. அதனுடன் ‘பல்லூத் அல்அர்ள்’, அதாவது ‘நிலத்து ஓக்’ என்னும் நேர்பெயர்ப்பும் விளக்கமாக வழங்கியது. கடன்சொல்லும் கடன்மொழிபெயர்ப்பும் ஒரே மொழியில் அருகருகே நின்றன. முன்னது மருத்துவர்க்குரிய கலைச்சொல். பின்னது அதன் பொருளை உணர்த்தும் உரை. இப்பேரினத்தைச் சேர்ந்த தியூக்ரியம் போலியம் என்னும் வெண்மையான பஞ்சுமுடிச் செடிக்கு மட்டும் ‘ஜஃதா’ என்னும் அரபுப் பெயரே நிலவியது. சுருண்ட முடியைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடைய பெயர் அது. நாட்டில் இயல்பாக வளர்ந்து மக்கள் அறிந்திருந்த செடிக்கு ஒலிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

அரபு வழியாக யூனானி மருத்துவத்தோடு இப்பெயர்கள் பாரசீகம், உருது ஆகிய மொழிகளுக்கும், அவற்றின் வழி இந்தியாவுக்கும் வந்தன. ‘யூனானி’ என்னும் சொல்லே கிரேக்கத்தின் ஒரு பகுதியான அயோனியாவின் பெயரிலிருந்து பிறந்தது. தமிழில் கிரேக்கரைக் குறிக்க எழுந்த ‘யவனர்’ என்பதற்கும் மூலம் அதுவே. இவ்வகையில் யூனானி மருந்துப் பட்டியல்களில் உள்ள கிரேக்கச் செடிப்பெயர்கள் இந்திய மண்ணில் வாழும் கிரேக்கச் சொல்லெச்சங்களாகும்.

4.2. ஐரோப்பிய மொழிகளில். பிற்காலக் கிரேக்கத்தில் ‘கமாய்த்ரூஸ்’ என்பது ‘கமாந்த்ருவா’ எனத் திரிந்தது. இடைக்கால இலத்தீன் இதனை ‘கமாந்த்ரியா’ என்றும், பின்னர் ‘ஜெர்மாந்த்ரா’, ‘ஜெர்மாந்த்ரியா’ என்றும் ஏற்றது. பிரெஞ்சில் ‘ஜெர்மாந்த்ரே’, ஆங்கிலத்தில் ‘ஜெர்மாண்டர்’. ஜெர்மன் மொழி ரகரம் புகாத பழைய வடிவத்தைக் ‘கமாண்டர்’ எனப் பேணியுள்ளது. சொல்லின் முதல் அசையில் ரகரம் நுழைந்தமை ஒழுங்கான ஒலி விதிக்குக் கட்டுப்படாத திரிபு. மூலப்பொருள் மறைந்த சொல்லில் இத்தகைய திரிபுகள் எளிதில் நுழைவது இயல்பே. ஆங்கிலப் பெயரைக் கேட்போர்க்கு ஜெர்மனி நாட்டுத் தொடர்பு தோன்றக்கூடும். அத்தொடர்பு எதுவும் இல்லை.

4.3. மாறாக, பேச்சுமொழிகள் பல மூலப்பொருளைத் தம் சொற்களால் மீண்டும் ஆக்கிக்கொண்டன. பிரெஞ்சில் ‘பெத்தி ஷேன்’ என்றால் ‘சிறிய ஓக்’. இத்தாலியத்தில் ‘குவெர்ச்சோலா’ என்றாலும் அதுவே பொருள். துருக்கியில் ‘யெர்மேஷெஸி’ என்றால் ‘நிலத்து ஓக்’. உருசிய மொழியில் இப்பேரினத்தின் பெயராகிய ‘துப்ரோவ்னிக்’ ஓக் காட்டைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்தது. ஒரே பொருள் இத்தனை மொழிகளில் வெவ்வேறு ஒலியுடன் நிலைபெற்றமைக்கு, அம்மொழிகளைப் பேசுவோர் ஓக் மரத்தை அன்றாடம் கண்டவர் என்பதே காரணம். கடன்மொழிபெயர்ப்பு வேரூன்ற, ஒப்புமைக்கு எடுத்துக்கொண்ட பொருள் பெறும் மொழியினர்க்குத் தெரிந்ததாக இருத்தல் வேண்டும் என்னும் பொது உண்மை இதனால் பெறப்படும்.

5. தோட்டத்தில் ஜெர்மாண்டர்

16, 17ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் ‘முடிச்சுத் தோட்டம்’ என்னும் அமைப்புப் பரவலாக இருந்தது. கயிற்றை முடிச்சிட்டாற்போல ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிச் செல்லும் கோடுகளைத் தரையில் வரைந்து, அக்கோடுகளின்மேல் குட்டையான செடிகளை நெருக்கமாக நட்டு, கத்தரித்து ஒழுங்குபடுத்துவர். மேல்மாடியிலிருந்து நோக்கினால் கோலம் போல் தோன்றும். இவ்வேலிக்கு ஏற்ற செடிகளுள் ஜெர்மாண்டர் ஒன்று. கத்தரிப்பைத் தாங்கும், அடர்ந்து வளரும், குளிர்காலத்திலும் இலையுதிராது.

1629இல் வெளிவந்த ஜான் பார்க்கின்சனின் தோட்ட நூல் இச்செடியின் நிறைகுறைகளைக் கூறுகிறது. நெருக்கமாக வளர்ந்து வேண்டிய வடிவில் நிற்பதும், கத்தரித்த துணுக்குகள் மணமுடையவையாகையால் வீட்டுத் தரையில் தூவப் பயன்படுவதும் நிறைகள். வேர் மண்ணுக்கடியில் தொலைவு ஓடி முடிச்சின் உட்புறமெல்லாம் முளைப்பதும், மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிடுங்கி மீண்டும் நடவேண்டியிருப்பதும் குறைகள். இக்காரணங்களால் அவர் பாக்ஸ் என்னும் செடியையே சிறந்த வேலியாகப் பரிந்துரைத்தார். பின்வந்த காலத்தில் பாக்ஸ் ஜெர்மாண்டரின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

தரையில் தூவும் வழக்கம் இன்று மறைந்துவிட்டது. கோரைப்புல்லும் நறுமணச் செடிகளும் பரப்பிய வீட்டுத் தரைகளே அக்காலத்தில் இயல்பு. தாமஸ் டஸ்ஸர் 1573இல் வெளியிட்ட வேளாண்மை நூலில், தூவுதற்குரிய செடிகளின் பட்டியலில் ஜெர்மாண்டரும் இடம்பெற்றுள்ளது. இத்தகைய நூல்களைப் பெயர்ப்போர் ‘தூவும் மூலிகை’ என்னும் தொடரை உணவில் தூவுவதாகப் பொருள்கொண்டால் பெரும்பிழை நேரும். வழக்கம் மறைந்தபின் அதன் சொல் எஞ்சி நிற்பது மொழிபெயர்ப்பாளரை இடறச் செய்யும் கற்களுள் ஒன்று.

1990களின் நடுப்பகுதி முதல் இங்கிலாந்தில் பாக்ஸ் செடிகளைப் பூஞ்சை நோய் தாக்கத் தொடங்கியது. 2007 முதல் கிழக்காசியாவிலிருந்து வந்த ஓர் அந்துப்பூச்சியும் ஐரோப்பியத் தோட்டங்களில் பாக்ஸ் வேலிகளை அழித்து வருகிறது. அதனால் மாற்றுச் செடிகளின் பட்டியலில் ஜெர்மாண்டர் மீண்டும் இடம்பெற்றுள்ளது. இன்று நாற்றுப்பண்ணைகளில் வேலிக்கென விற்கப்படுவது பெரும்பாலும் கலப்பினமாகும். தியூக்ரியம் லூசிடம், தியூக்ரியம் கமேட்ரிஸ் ஆகிய இரண்டன் கலப்பாகிய அதற்கு ‘லூசிட்ரிஸ்’ என்று பெயர். ‘லூசிடம்’ என்றால் ஒளிர்வது. இப்பெயராக்கத்தில் ‘கமாய்’ விடுபட்டு ‘த்ரூஸ்’ மட்டும் எஞ்சியது. நிலத்து ஓக்காக இருந்தது இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் ‘ஒளிரும் ஓக்’ ஆயிற்று.

6. மருத்துவத்தில் ஜெர்மாண்டர்

6.1. தியோஸ்கோரிதேஸ் இச்செடியை இருமல், மண்ணீரல் வீக்கம், சிறுநீர்த் தடை, நீர்க்கோவையின் தொடக்கநிலை ஆகியவற்றிற்குக் கூறினார். பண்டைய உலகின் பெரும் நச்சுமுறியாகப் புகழ்பெற்ற ‘தேரியாக்கா’ என்னும் அறுபதுக்கு மேற்பட்ட சரக்குகள் சேர்ந்த இலேகியத்தில் கமாய்த்ரூஸ், ஸ்கோர்தியோன், போலியோன் ஆகிய மூன்றும் இடம்பெற்றன. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய மருத்துவர் ஃபிரகஸ்தோரோ பெயரால் வழங்கிய ‘தியாஸ்கோர்தியம்’ என்னும் இலேகியம், பூண்டு மணமுடைய ஸ்கோர்தியத்தை முதன்மையாகக் கொண்டது. கொள்ளைநோய்க் காலங்களில் பெரிதும் நாடப்பட்டது.

6.2. 18ஆம் நூற்றாண்டில் கீல்வாதத்திற்குப் ‘போர்ட்லண்டு பொடி’ என்னும் மருந்து புகழ்பெற்றது. ஜெர்மாண்டர், ஜென்ஷியன் வேர், பர்த்வொர்ட் வேர், நிலத்துப் பைன், சென்டாரி ஆகிய ஐந்து கசப்புச் சரக்குகளின் கூட்டு அது. நெடுங்காலம் தொடர்ந்து உண்ண வேண்டும் என்பது விதி. ஸ்காட்லாந்து மருத்துவப் பேராசிரியர் வில்லியம் கல்லன் இதனை விதிப்படி உண்டவர்களைக் கவனித்தார். அவர்களுடைய மூட்டு வீக்கம் நின்றது. ஆயினும் மருந்து முடிந்த சிறிது காலத்திலேயே அவர்கள் நீர்க்கோவை, மூச்சிரைப்பு, மூளை இரத்தப்பெருக்கு போன்ற நோய்களால் இறந்தனர் என்று பதிவுசெய்தார். பர்த்வொர்ட் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அமிலத்தை உடையது என்பது இன்றைய அறிவு. ஜெர்மாண்டரும் தீங்கற்றதன்று என்பதும் பின்னரே தெரிந்தது.

6.3. பிரான்சில் ஜெர்மாண்டர் நெடுங்காலம் தேநீராகக் காய்ச்சிக் குடிக்கப்பட்டு வந்தது. பின்னர் உடல் எடையைக் குறைக்கும் மருந்தாக, பொடித்து உறைகளில் அடைத்து விற்கப்பட்டது. 1992இல் பிரெஞ்சு மருத்துவர்கள் கல்லீரல் அழற்சி கண்ட 7 பேரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். மருந்தைத் தொடங்கிய 3 முதல் 18 வாரங்களுக்குள் அவர்களுக்கு மஞ்சட்காமாலை தோன்றியது, நிறுத்தியதும் நீங்கியது, மீண்டும் உண்ட சிலருக்கு மீண்டும் வந்தது. அதே ஆண்டில் மேலும் பல நோயாளிகள் கண்டறியப்பட்டனர், உயிரிழப்பும் பதிவாயிற்று. பிரான்சு 1992இலேயே இம்மருந்துகளைத் தடைசெய்தது.

இச்செடியின் கசப்புக்குரிய பொருள்களுள் ஒன்றான தியூக்ரின் ஏ என்பது கல்லீரல் நொதிகளால் மாற்றமடைந்து, உயிரணுக்களின் புரதங்களோடு பிணையும் வினைத்திறன் மிக்க பொருளாகிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. உடலின் காப்புப் பொருளாகிய குளூட்டத்தயோன் தீர்ந்தால் கேடு பெருகும். 2008ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய விதி, ஜெர்மாண்டரை மதுபானங்களுக்குச் சுவையூட்ட மட்டுமே இசைகிறது; கசப்பு மதுபானங்களில் தியூக்ரின் ஏ கிலோவுக்கு 5 மில்லிகிராமையும், பிற மதுபானங்களில் 2 மில்லிகிராமையும் மிஞ்சலாகாது. பழைய நூலில் கூறப்பட்ட மருந்தின் பெயர் அதே பெயராக நீடித்தது. அதன் வடிவமும் அளவும் மாறிவிட்டன. பெயரின் பழைமை பொருளின் பாதுகாப்புக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது இந்நிகழ்ச்சியின் வேர்.

7. பெயர்க் குழப்பங்கள்

7.1. ஆங்கிலத்தில் ‘ஜெர்மாண்டர் ஸ்பீட்வெல்’ என்னும் நீலப்பூச் செடி உண்டு. இது தியூக்ரியம் அன்று. வெரோனிகா என்னும் வேறு பேரினத்தைச் சேர்ந்தது. லின்னேயஸ் இதற்கும் ‘கமேட்ரிஸ்’ என்னும் சிற்றினப் பெயரையே இட்டார். இரண்டன் இலைகளும் ஓக் இலையை ஒத்திருப்பதே காரணம். தலைச்சொல்லாகிய ‘ஸ்பீட்வெல்’ என்பதை விட்டு அடைச்சொல்லை மட்டும் பெயர்த்தால் ஒரு குடும்பத்துச் செடி மற்றொரு குடும்பத்துச் செடியாகிவிடும். வடமுனைப் பகுதிகளிலும் உயர்மலைகளிலும் வளரும் ‘ட்ரையஸ்’ என்னும் செடியின் பெயரும் ஓக்கோடு கொண்ட இலை ஒப்புமையால் வந்ததே. பனிக்காலத்தின் இறுதிக் குளிர்க்கட்டத்தைப் புவியியலார் ‘இளைய ட்ரையஸ்’ என அழைப்பது படிவுகளில் காணப்பட்ட இச்செடியின் இலை எச்சங்களை ஒட்டியாகும்.

7.2. பெயர்க் குழப்பம் கடைத்தெருவிலும் நிகழும். அமைதியூட்டும் மூலிகையாக விற்கப்பட்ட ‘ஸ்கல்கேப்’ என்னும் செடியின் இடத்தில் ஜெர்மாண்டர் கலந்து விற்கப்பட்டமை கண்டறியப்பட்டுள்ளது. ஸ்கல்கேப் உண்டோரிடம் 1980களின் இறுதியில் காணப்பட்ட கல்லீரல் பாதிப்புகளுக்கு இக்கலப்பு காரணமாக இருக்கலாம் எனப் பின்னர் ஆய்வாளர் கருதினர். உலர்ந்து பொடியான நிலையில் இலை வடிவமும் பூவும் மறைந்துவிடுகின்றன. அப்போது சிட்டையில் எழுதிய பெயரே செடியின் ஒரே அடையாளம்.

8. தமிழ் ஒப்பீடும் மொழிபெயர்ப்பு நெறியும்

8.1. கிரேக்கத்தின் ‘கமாய்’ முன்னொட்டுக்கு நேரான ஆக்கம் தமிழில் ‘நில’ என்பதாகும். நிலவேம்பு, நிலப்பனை ஆகிய பெயர்கள் இவ்வமைப்பின. நிலப்பனையில் ஒப்புமை இலை வடிவத்தால் அமைந்தது. நிலவேம்பில் கசப்பால் அமைந்தது. கெமோமில் மணத்தால் ஆப்பிளாகவும் ஜெர்மாண்டர் இலையால் ஓக்காகவும் ஆனதற்கு இது இணையானது. தொடர்பற்ற இரு மொழிகள் ஒரே பெயரிடும் உத்தியைத் தனித்தனியே கண்டறிந்துள்ளன. கீழாநெல்லியின் பெயரும் இங்கு நோக்கத்தக்கது. வடமொழியில் ‘பூம்யாமலகி’, அதாவது நிலத்து நெல்லி; தமிழில் இலைக்குக் கீழே காய்ப்பதை வைத்துக் ‘கீழ்க்காய் நெல்லி’ என்றும் வழங்கும். ஒன்று செடியின் உயரத்தைக் கண்டது. மற்றொன்று காய் தொங்கும் இடத்தைக் கண்டது.

8.2. நிலவேம்புக்கு நேரான வடசொல் ‘பூநிம்பம்’. வடமொழி நிகண்டுகளில் பூநிம்பம் என்பது இமயமலைச் செடியாகிய கிராத திக்தத்தின், அதாவது சிராதாவின் பெயர்களுள் ஒன்றாக வருகிறது. தென்னாட்டில் நிலவேம்பு என்பது ஆண்ட்ரோகிராபிஸ் பானிகுலேட்டா. இரண்டும் கசப்பானவை, தாவரக் குடும்பங்களோ வேறு. வடமொழி மருத்துவ நூலைத் தமிழாக்குவோர் பூநிம்பம் என்னும் இடந்தோறும் நிலவேம்பு என எழுதினால், சொல் சரியாகவும் செடி தவறாகவும் அமையக்கூடும். மேலும், தமிழகத்தில் காய்ச்சலுக்கு வழங்கப்படும் நிலவேம்புக் குடிநீர் 9 சரக்குகளின் கூட்டு. அத்தொடரைப் பிற மொழியில் ‘நிலவேம்புக் கஷாயம்’ என்னும் பொருள்பட மட்டும் பெயர்த்தால் எட்டுச் சரக்குகள் மறைந்துவிடும்.

8.3. தியூக்ரியம் பேரினம் தமிழ் மண்ணுக்கு முற்றிலும் அயலானதன்று. தியூக்ரியம் டொமென்டோசம் தென்னிந்திய மலைப்பகுதிகளில் வளர்கிறது. தியூக்ரியம் வைட்டியை என்னும் சிற்றினம், தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்ந்த ராபர்ட் வைட்டின் பெயரைத் தாங்கியுள்ளது. ஆயினும் மேலை மூலிகை நூல்களில் வரும் ஜெர்மாண்டர் இவையல்ல.

8.4. ‘ஜெர்மாண்டர்’ என்பதைத் தமிழில் தருவதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, ஒலிபெயர்ப்பு. இது மூலச்சொல்லை மீட்டறிய உதவும். ஆனால் ஜெர்மாண்டர் ஸ்பீட்வெல்லையும் இதையும் தனியே பிரித்துக் காட்டாது. இரண்டாவது, கடன்மொழிபெயர்ப்பு. ஓக் மரத்திற்குக் கருவாலி என்னும் பெயர் தமிழில் வழங்குவதால் ‘நிலக்கருவாலி’ என ஆக்கலாம். அமைப்பில் இது நிலவேம்பையும் நிலப்பனையையும் ஒத்துத் தமிழியல்புக்குப் பொருந்தும். ஆனால் கருவாலி இலையைக் கண்டிராத வாசகருக்கு ஒப்புமை புலப்படாது. தமிழ் மூலிகை ஒன்றன் பெயர் போலத் தோன்றி மயக்கவும் கூடும். மூன்றாவது, தாவரவியல் பெயரைத் தமிழ் எழுத்தில் தருதல். இது ஒன்றே செடியை ஐயமின்றிச் சுட்டும்.

நூலின் தன்மைக்கேற்ப வழி வேறுபட வேண்டும். கதை, கவிதை, தோட்ட வரலாறு ஆகியவற்றில் ‘நிலக்கருவாலி’ போன்ற ஆக்கம் பொருந்தும். அங்கு ஓக்கின் சாயலே முதன்மை. மருந்துக் குறிப்பு, சரக்குப் பட்டியல், நச்சியல் அறிக்கை ஆகியவற்றில் தாவரவியல் பெயர் இன்றி வேறு எப்பெயரும் நிற்றலாகாது. அங்கு ஒலிபெயர்ப்பையோ ஆக்கப்பெயரையோ இடுவதானால் தாவரவியல் பெயரின் துணையோடுதான் இட வேண்டும். 9ஆம் நூற்றாண்டு இஸ்திஃபான் செய்தது ஏறத்தாழ இதுவே: உறுதியான இடத்தில் தம் மொழிச் சொல்லை இட்டார், உறுதியற்ற இடத்தில் மூலச்சொல்லைக் காத்து வைத்தார்.

9. முடிவுரை

‘கமாய்த்ரூஸ்’ என்னும் பெயர் அரபில் ஒலியைக் காத்தது. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஒலி திரிந்து பொருளை இழந்தது. துருக்கியிலும் இத்தாலியத்திலும் ஒலியை இழந்து பொருளைக் காத்தது. அறிவியலில் தொன்மத்து ஆட்பெயரின்கீழ் அடைமொழியாயிற்று. பெயர்கள் இவ்வாறு மாறினும், முடிச்சுத் தோட்டத்தின் வேலியாக நின்ற செடியும் 1992இல் பிரெஞ்சு மருத்துவர்கள் ஆராய்ந்த செடியும் ஒன்றே. தோட்டத்தில் அதன் அழகைச் சுட்டப் பழைய பெயர்களுள் எதுவும் போதும். உண்ணும் பொருளாகக் கூறும்போது, படிப்பவர் கையில் எடுக்கப்போவது எந்தச் செடி என்பதை மொழிபெயர்ப்பாளர் உறுதி செய்த பின்னரே பெயரை எழுத வேண்டும். கொர்தோபாவில் துறவி நிக்கொலாசும் மருத்துவர்களும் நூலைக் கையில் வைத்துக்கொண்டு செடியைத் தேடிச் சென்றது இந்நெறிக்குத் தொன்மையான முன்மாதிரியாகும்.